பழைய கார்டுக்கு ஏற்ற டிரைவர்

ஜூலை 9

இனிமேல் இந்த நோட்டை நான்தான் எழுத வேண்டும் என்று புனிதா சொல்லிவிட்டாள். வலது கை சித்திரையிலேயே போய்விட்டது. இடது கையால் இரண்டு மாதம் கிறுக்கிக்கொண்டிருந்தாள். நேற்று பேனா நழுவி மூன்று தடவை கீழே விழுந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல எதை மாத்தினாலும் தேதி போட்டு எழுதிடணுங்க. இல்லன்னா எதனால கெட்டுச்சுன்னு பின்னால கண்டுபிடிக்க முடியாது."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. நாக்கு குழறுகிறது. மற்றவர்களுக்குப் புரிவதில்லை, எனக்குப் புரிகிறது.

நான் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் எனக்குத் தூரம். அவள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் தேன்மொழி கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் இது. அவள் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போன பிறகு புனிதா எடுத்துக்கொண்டாள். ரேடியோ தொலைநோக்கிகள் வானத்திலிருந்து பதிவு செய்வதைத் துண்டு துண்டாக்கி, உலகமெங்கும் விருப்பப்பட்டவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். அதில் சுழலும் நட்சத்திரத்தின் துடிப்பு எங்காவது இருக்கிறதா என்று கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. கணக்கைப் போடுவது உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. ஆறு வருடமாக ஓடுகிறது.

போன வாரம் கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகிவிட்டது. அதிலிருந்து கணக்கு நின்றுவிட்டது. எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

ஜூலை 10

காலையில் கஞ்சி. இரண்டு தடவை புரையேறியது. பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஃபிலோமினா சிஸ்டர் என்று ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம். இன்றுதான் முதல் நாள். பெரியமிளகுபாறையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். வந்ததும் தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு புரையேறவில்லை.

மத்தியானம் புனிதா எனக்குப் பாடம் எடுத்தாள். கார்டுக்கு ஒரு பாஷை, சிஸ்டத்துக்கு ஒரு பாஷை, நடுவில் நின்று இரண்டுக்கும் பேசிக்கொடுப்பது டிரைவர் என்றாள். நம் கார்டுக்கு மூன்று வழி இருக்கிறதாம். சிஸ்டத்தோடு சும்மா வரும் டிரைவர் ஒன்று. அதில் திரை தெரியும், கணக்கு ஓடாது. கார்டு செய்த கம்பெனியின் புது டிரைவர் ஒன்று. அது இவ்வளவு பழைய கார்டை அடையாளமே காணாது. கம்பெனி இந்தக் கார்டுக்கென்று கடைசியாகக் கொடுத்த பழைய டிரைவர் மூன்றாவது. அது கார்டை ஓட்டும், ஆனால் அப்டேட் ஆன சிஸ்டத்தோடு ஒட்டாது.

அப்படியானால் எதைத்தான் போடுவது என்று கேட்டேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். களைத்துவிட்டாள்.

ஜூலை 14

பழைய டிரைவர்தான். அதற்காக சிஸ்டத்தையே ஒரு படி பின்னுக்குக் கொண்டுபோய், இனி அப்டேட் ஆகாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு விரலால் தட்டினேன். ஒரு புள்ளியை விட்டுவிட்டாலும் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். ஆனால் திட்டவில்லை.

சாயங்காலம் மின்விசிறி சத்தம் கூடியது. கணக்கு ஓட ஆரம்பித்தால் கார்டு சூடாகும், அதன் விசிறி வேகமெடுக்கும். சத்தத்தைக் கேட்டதும் புனிதா சிரித்தாள். இப்போதெல்லாம் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வருகிறது.

ஜூலை 31

நரம்பு டாக்டரைப் பார்த்தோம். மூச்சுத் தசைகளும் சோர்கின்றனவாம். தூங்கும்போது முகத்தில் மாட்ட ஒரு மாஸ்க், அதற்கு ஒரு சின்ன மெஷின் எழுதிக்கொடுத்தார். இதற்கு மருந்து என்று வருமா என்று கேட்டேன். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது என்றார்.

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது.

ஆகஸ்ட் 12

இன்று அவள் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. புரிந்த மாதிரி தலையாட்டினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 21

எழுத்து அட்டை தயார். யோசனை அவளுடையது. பேச்சு முழுதாக நிற்பதற்குள் சொல்லிக்கொடுத்துவிட்டாள். மேல் வரிசையில் வல்லினம், நடுவில் மெல்லினம், கீழே இடையினம், ஓரத்தில் உயிரெழுத்துகள். நான் "வல்லினமா?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவாள். பிறகு க, ச, ட என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எழுத்து கிடைத்ததும் குறிலா நெடிலா. பள்ளியில் எதற்கென்றே தெரியாமல் மனப்பாடம் செய்தது.

முதலில் அவள் சொன்ன சொல் "தண்ணி". அதற்கே நான் வியர்த்துவிட்டேன். பாதியிலேயே ஊகித்துச் சொன்னால் சில சமயம் சரியாக இருக்கும். தவறினால் கண்ணை மூடிக்கொள்வாள். கோபம் என்று அர்த்தம்.

ஃபிலோமினா சிஸ்டர் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 5

தினமலரோடு வந்த இணைப்பில் ஒரு செய்தி பார்த்தேன். இதேபோல வீட்டுக் கம்ப்யூட்டர்களை வைத்து மருந்துக்கான மூலக்கூறுகளைக் கணக்குப் போடுகிறார்களாம். நரம்பு நோய்களும் அதில் உண்டு. ஆறு வருடமாக நட்சத்திரத்துக்கு ஓடுகிறது நம் கம்ப்யூட்டர்.

அந்தத் திட்டத்தின் பக்கத்துக்குப் போய் மெதுவாகப் படித்துப் பார்த்தேன். நம்மிடம் இருக்கும் டிரைவர் போதாது, புதியது வேண்டும் என்று போட்டிருக்கிறது. புது டிரைவர் நம் கார்டை அடையாளம் காணாது என்று அவள் சொல்லியிருக்கிறாள்தான். ஆனால் யாராவது போட்டுப் பார்த்தார்களா?

செப்டம்பர் 8

அவள் மத்தியானம் தூங்கியபோது பூட்டை எடுத்துவிட்டுப் புது டிரைவரைப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டதும் திரை கறுப்பாகிவிட்டது. என்ன செய்தாலும் கறுப்பு.

செப்டம்பர் 9

கம்ப்யூட்டரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இட்லியை மசித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தோம். நன்றாக இறங்கியது.

செப்டம்பர் 10

"சத்தம் இல்ல" என்று அட்டையில் சொன்னாள். பக்கத்து அறையில் படுத்தபடி இரண்டு நாளாகக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். லோ வோல்டேஜ், அதனால் அணைத்து வைத்திருக்கிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

செப்டம்பர் 11

காலையில் சிஸ்டர் வந்ததும் புனிதா அவரிடம் ஏதோ சொன்னாள். சிஸ்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினார். கறுப்புத் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். எந்தத் திட்டம், எதற்காக என்பதையும் சொன்னேன். "லட்சக்கணக்கான பேர் ஓட்டுறாங்க புனிதா. எல்லாரும் சேர்ந்தா சீக்கிரம் ஏதாவது கண்டுபிடிச்சிடுவாங்க."

சிஸ்டர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். நான்தான் எழுத்துகளைக் கேட்டேன். இந்தத் தடவை எதையும் முன்கூட்டி ஊகிக்கவில்லை.

"கண்டுபிடிப்பாங்க. எனக்கு இல்ல."

தோசை மாவு வெளியே இருக்கிறது, புளித்துவிடும் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். மாவை ஃப்ரிட்ஜில் வைத்தேன். அங்கேயே கொஞ்சம் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் திரை முன்னாலேயே காத்திருந்தாள்.

பிறகு மத்தியானம் வரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எழுத்துகள் மட்டும் தெரியும் திரைக்கு எப்படிப் போவது, புது டிரைவரை எப்படி முழுதாகத் துடைத்து எடுப்பது, பழையதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது. ஆங்கில எழுத்துகளுக்குச் சிஸ்டர் தனியாக ஒரு அட்டை எழுதினார். கழுத்து நிற்காமல் தலை சரியும். நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினேன். மூன்றாவது முறை திரையில் வெளிச்சம் வந்தது.

எழுத வேண்டியது: பழைய டிரைவர், பின்னுக்குக் கொண்டுபோன சிஸ்டம், அப்டேட் பூட்டியிருக்கிறது. யாரும் தொடக்கூடாது.

அக்டோபர் 3

டாக்டர் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். தேன்மொழி விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். மாஸ்க் போதாமல் போகும் நாள் வரும், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மெஷினில் இணைத்தால் சில வருடம்கூட இருக்கலாம், படுக்கையோடுதான், முடிவு உங்களுடையது என்றார்.

வீட்டுக்கு வந்ததும், நாங்கள் கேட்காமலேயே புனிதா அட்டையைப் பார்த்தாள். இடையினம். வ. நெடில், ஏ. அதற்குள் தேன்மொழி, "வேணும்னுதானே சொல்றீங்க, இல்லம்மா?" என்று கேட்டாள்.

புனிதா கண்ணை மூடிக்கொண்டாள். திறக்கும்வரை காத்திருந்து மீதியைக் கேட்டேன். "வேண்டாம்."

தேன்மொழி மாடிக்குப் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிடப் போனேன். "அப்பா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. சொல்லுங்கப்பா" என்றாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

அக்டோபர் 4

சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்கிறோம், எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எனக்காகக்கூட வேண்டாமா புனிதா?"

அட்டையை எடுத்தேன், அவள் அதைப் பார்க்கவில்லை. என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மேலே தூக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பிறகு அழுதாள். அவளால் துடைத்துக்கொள்ள முடியாது. நான்தான் துடைத்தேன்.

தேன்மொழியிடம், அம்மா சொன்னதுதான் என்றேன்.

அக்டோபர் 20

ஏன் நட்சத்திரம் என்று இன்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

பதில் வருவதற்குக் காபி ஆறிவிட்டது. "யாருக்கும் அவசரம் இல்லாத வேலை."

அவள் முப்பது வருடம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து, விடைத்தாள் கட்டுகளோடு பஸ் ஏறியவள். வீட்டிலும் எல்லாம் மணிக்குத்தான். என் சாப்பாட்டு டிபன் உட்பட.

நவம்பர் 24

நேற்றிலிருந்து விடாத மழை. காலை பத்து மணிவாக்கில் கரண்ட் போனது. கே.கே. நகர் முழுக்க இல்லை, எங்கேயோ மரம் விழுந்திருக்கிறதாம். இப்போதெல்லாம் பகலிலும் புனிதாவுக்கு மாஸ்க் வேண்டியிருக்கிறது. இன்வெர்ட்டரில் மூச்சு மெஷினும் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரில் ஒரு பெரிய துண்டு முடியப் போகும் நிலை.

அணைத்தேன். யோசிக்கவெல்லாம் இல்லை.

சத்தம் நின்றதும் அவள் என்னைத் தேடினாள். பக்கத்தில் போனேன். இன்வெர்ட்டர் தாங்காது, உனக்கு வேண்டும் என்றேன். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும். அட்டையைக் காட்டினேன்.

"கவலப்படாதீங்க. விட்ட இடத்துலேருந்து தொடங்கும்."

அவளுடைய இன்வெர்ட்டர் தீருமோ என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் என்னவென்றால் நான் கம்ப்யூட்டரை நினைத்துத்தான் முகம் வாடியிருக்கிறேன் என்று ஆறுதல் சொன்னாள். அல்லது அப்படி நினைத்ததுபோல் காட்டிக்கொண்டாளோ தெரியாது. சிஸ்டர் தன் கொழுந்தனுக்குப் போன் செய்ய, அவர் ஆட்டோவில் இன்னொரு பேட்டரி கொண்டுவந்து இறக்கினார். முழுக்க நனைந்திருந்தார். சாயங்காலம் கரண்ட் வந்துவிட்டது.

டிசம்பர் 17

கண்ணும் களைத்துவிட்டது. அட்டையில் ஒரு எழுத்தைத் தாண்ட முடியவில்லை. ஆமாம், இல்லை மட்டும்தான். காலையில் பல் துடைத்துவிட்டதும் முந்தின நாள் முடிந்த துண்டுகளைப் படித்துக்காட்டுகிறேன். கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தேன்மொழி ஆபீசில் சொல்லிவிட்டு இங்கிருந்தே வேலை பார்க்கிறாள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொள்கிறாள்.

ஜனவரி 6

புனிதா போய்விட்டாள்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது. டிரைவரில் மாற்றம் எதுவுமில்லை.

ஜனவரி 10

எழுதவில்லை என்றால் மறந்துவிடும் என்பதற்காக எழுதுகிறேன். மறக்காது, இருந்தாலும்.

அன்று காலையில் சிஸ்டர்தான் என்னைக் கூப்பிட்டார். மாஸ்க் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நெஞ்சு அதோடு சேர்ந்து எழவில்லை. தேன்மொழி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், நான் ஒரு கையை. ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா என்று சிஸ்டர் என்னைக் கேட்டார். நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அந்தப் பெண் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வலி இல்லை என்றார் சிஸ்டர். நிறைய பேரைப் பார்த்திருக்கிறார். நம்புகிறேன்.

சிஸ்டர் மாஸ்க்கைக் கழற்றி, முகத்தில் அது பதிந்திருந்த கோட்டைத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்துவிட்டார். கோடு போகவில்லை.

ஜனவரி 24

காரியமெல்லாம் முடிந்து தேன்மொழி நேற்று கிளம்பினாள். என்னையும் கூப்பிட்டாள். அங்கே குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். ஹைதராபாத்தில் என்னப்பா குளிர் என்றாள். அவள் விடவில்லை, கோடையில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மூச்சு மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். கட்டில் இருக்கிறது.

பிப்ரவரி 3

இந்த நட்சத்திரத் திட்டத்துக்கு ஒரு ஃபோரம் உண்டு. உலகமெங்கும் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்கள் சந்தேகம் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் பக்கம். புனிதா அதில் அவ்வப்போது எழுதுவாள் என்று தெரியும். இன்று திறந்தபோது அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பெரு நாட்டிலிருந்து ரஃபாயேல் என்று ஒருவர். அவரிடமும் இதே கார்டு. அப்டேட் ஆனதும் கணக்கு நின்றுவிட்டதாம். உங்களுக்கு இந்தக் கார்டை நன்றாகத் தெரியும் என்று மற்றவர்கள் சொன்னார்கள், எந்த டிரைவரைப் போடுவது என்று கேட்டிருந்தார்.

ஃபோரத்தில் அவள் முன்பு எழுதியதையெல்லாம் தள்ளிப் பார்த்தேன். எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். ஒருவன் அவசரக்காரன், ஒன்றும் சரியில்லை என்று கத்தியிருக்கிறான். இவள் பொறுமையாக, முதல் வரியில் அவன் விட்ட ஒரு புள்ளியைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

எனக்கு வரும் ஆங்கிலத்தில் எழுதினேன். புதியதைப் போடாதீர்கள், திரை கறுப்பாகும். சிஸ்டத்தைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். கடைசியாக வந்த பழைய டிரைவர். பிறகு பூட்டிவிடுங்கள். தட்ட வேண்டிய வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். கீழே யார் எழுதியது என்று போடவில்லை. அவள் பெயர் மேலே தானாகவே வந்துவிடுகிறது.

பிப்ரவரி 5

ஓடுகிறதாம். "நன்றி, புனிதா" என்று எழுதியிருந்தார்.

பிப்ரவரி 6

தேன்மொழியிடம் போனில் சொன்னேன். "அவர்கிட்ட சொல்லிடுங்கப்பா" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 7

வீடு பெருக்கினேன். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தான். ஃபோரம் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 12

ரஃபாயேல் மறுபடி எழுதியிருக்கிறார். கார்டு அதிகமாகச் சூடாகிறதாம். அங்கே இப்போது கோடைக்காலம். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வையுங்கள், விசிறியில் தூசி இருந்தால் பெயின்ட் பிரஷால் துடையுங்கள் என்று பதில் எழுதினேன். இது நானே கண்டது, பணிமனைப் பழக்கம்.

கடிதத்தின் கடைசியில் அவர் ஒரு வரி போட்டிருந்தார். முன்பெல்லாம் நீங்கள் ஃபோரத்தில் நிறைய எழுதுவீர்களாம், சில மாதங்களாகக் காணவில்லை என்கிறார்கள், எப்படி இருக்கிறீர்கள் புனிதா என்று.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

நலமாக இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.